வேடம் கலைத்த பிறகு

(‘கலைஞர்களுக்குப் பெருமை சேர்ப்பது கலைப்பணியே! சமூகப்பணியே!’ என்ற தலைப்பில் நாமக்கல்லில் நடந்த பட்டிமன்றத்தில், ‘சமூகப்பணியே’ என்ற அணியில் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! என் அணித் தோழர்களே! எதிரே அமர்ந்திருக்கிற, இன்னும் சிறிது நேரத்தில் எங்கள் அணிக்கு வந்துவிடப் போகிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) நாமக்கல் மலைக்கோட்டை பார்த்துக்கொண்டிருக்க, இந்தத் திடல் கொள்ளாமல் வந்து அமர்ந்திருக்கும் பெருமக்களே! தாய்மார்களே! வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பவர்களே!

நாமக்கல்லுக்கு வந்துவிட்டு முட்டையைப் பற்றியும் லாரியைப் பற்றியும் பேசாமல் போனால் ஊர் எல்லையில் வண்டியை நிறுத்திவிடுவார்களாம். முட்டையை முன்னால் பேசிய நண்பர் பேசித் தீர்த்துவிட்டார். எனக்கு லாரி இருக்கிறது. அது கடைசியில் வரும். லாரி எப்பவும் கொஞ்சம் லேட்டாத்தானே வரும்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் ஐயா, எதிரணி நண்பர் நன்றாகப் பேசினார். அதுவும் நடிகை ரேவதியைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறிவிட்டது. ‘மண்வாசனை’ முத்துப்பேச்சி என்றார். ‘மௌனராகம்’ திவ்யா என்றார். ‘கிழக்கு வாசல்’ தாயம்மா என்றார். ‘தேவர் மகன்’ பஞ்சவர்ணம் என்று சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய வீட்டுக்கார அம்மா இரண்டாவது வரிசையிலே உட்கார்ந்து அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு ராத்திரி அங்கே தனியாக ஒரு பட்டிமன்றம் இருக்கிறது. (பலத்த சிரிப்பு)

கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். “ரேவதி என்றால் நமக்கு ஞாபகம் வருவது நடிப்பா, சமூகப்பணியா? அவர் என்ன சமூகப்பணி செய்தார் என்று இந்தக் கூட்டத்தில் யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நல்ல கேள்விதான். தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் தெரியாமல் இருப்பது அந்த அம்மாவின் குறையா, நம்முடைய குறையா? அதனால் வேறு யாரையும் துணைக்கு அழைக்கப் போவதில்லை. நண்பர் கொண்டுவந்த அதே ரேவதியைத்தான் எங்கள் பக்கம் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்.

நடிப்பைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. 1983-ல் பாரதிராஜா ‘மண்வாசனை’யில் அறிமுகப்படுத்தும்போது அந்தப் பெண்ணுக்கு வயது 17. பிறந்தது கொச்சியில், தகப்பனார் ராணுவ அதிகாரி, பரதம் கற்றவர். அந்தப் பெண் வந்து நம்ம கிராமத்துப் பொண்ணாகவே நின்றது. அடுத்த வருஷமே ‘புதுமைப் பெண்’. ‘தேவர் மகன்’ படத்துக்குத் தேசிய விருது. பாலுமகேந்திராவின் ‘மறுபடியும்’. எல்லாம் சரி. ஆனால் இந்தப் பாத்திரங்களை எழுதியவர் வேறு, இயக்கியவர் வேறு. பேசிய வசனம் அவருடையது இல்லை. அழச் சொன்னால் அழவேண்டும், சிரிக்கச் சொன்னால் சிரிக்கவேண்டும். நடிகருக்குப் பெருமைதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் வசனம் எழுதிக் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில், ‘கட்’ சொல்ல ஆள் இல்லாத இடத்தில் ஒருவர் என்ன பேசினார் என்பதை வைத்துத்தானே அவரை எடைபோட வேண்டும்?

1994-ல் வந்த ‘மகளிர் மட்டும்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்க பார்ப்போம். அடேயப்பா! ஆண்கள்தான் அதிகம் தூக்குகிறார்கள். பேரே மகளிர் மட்டும்! (சிரிப்பு) கமல்ஹாசன் தயாரித்தது. ரேவதி, ஊர்வசி, ரோகிணி என்று மூன்று பெண்கள். வேலை செய்யும் இடத்தில் ஒரு மேலதிகாரி, நாசர். அந்த மனுஷன் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. படித்த பெண்ணையும் விடமாட்டான், துடைப்பம் பிடிக்கிற பெண்ணையும் விடமாட்டான். மூன்று பேரும் சேர்ந்து அவனை என்ன பாடுபடுத்துகிறார்கள் என்பதுதான் கதை. நாகேஷ் ஒரு பிணமாக நடித்து உயிரோடு இருக்கிறவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஏன் சிரித்தோம்? வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் அது சிரிக்கிற விஷயமா? அந்தப் படம் வந்தபோது, வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண்ணிடம் அதிகாரி முறைகேடாக நடந்தால் அவள் போய்ச் சொல்வதற்கென்று இந்த நாட்டில் தனியாக ஒரு சட்டம் கிடையாது. அதனால்தான் படத்தில் அந்தப் பெண்கள் தாங்களே திட்டம் போடவேண்டியிருந்தது. ராஜஸ்தானத்தில் பன்வாரி தேவி என்ற அம்மா, ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அது அரசு ஒப்படைத்த வேலை. அதற்காக 1992-ல் அவரைக் கூட்டாகச் சீரழித்தார்கள். அதைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போய், 1997-ல்தான் விசாகா தீர்ப்பு வந்தது. வேலைத்தலம் என்றால் புகார்க்குழு வேண்டும் என்று அன்றைக்குத்தான் நெறிமுறை வகுத்தார்கள். அது முழுச் சட்டமாக ஆனது 2013-ல். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே 19 வருஷம்! திரையில் இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்த பிரச்சினை, தரையில் தீரக் காகிதம் வருவதற்கே இத்தனை காலம். இந்தப் படத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

படங்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே ரேவதி வெளியே வரத் தொடங்கிவிட்டார். 1996 நாடாளுமன்றத் தேர்தலில் தென்சென்னையில் சுயேச்சையாக நின்றார். யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் நடிகர் தேர்தலில் நிற்பது அதிசயமில்லை. கட்சி இல்லாமல் நிற்பதுதான் அதிசயம்! (சிரிப்பு) அதுவும் 1996 எப்படிப்பட்ட அலை என்று பெரியவர்களுக்குத் தெரியும். தோற்றார். தோற்றவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? வீட்டுக்குப் போய்விடுவார்கள், இல்லையென்றால் ஜெயித்த கட்சிக்குப் போய்விடுவார்கள். இவர் இரண்டுக்கும் போகவில்லை. தெருவில் மனநிலை தவறித் திரிகிற பெண்களை அழைத்து வந்து பராமரிக்கிற ‘பான்யன்’, மாற்றுத்திறனாளிகளுக்கான ‘எபிலிட்டி’, சிறுநீரக நோயாளிகளுக்கான ‘டேங்கர்’, மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான ‘வித்யாசாகர்’ என்று சென்னையிலுள்ள தொண்டு அமைப்புகளோடு சேர்ந்து நின்றார்.

இங்கே எதிரணி ஒரு குறுக்குக் கேள்வி கேட்கலாம். “இதெல்லாம் எல்லா நடிகர்களும் செய்கிறதுதானே? ரத்ததானத்துக்கு ஒரு போஸ்டர், கண்தானத்துக்கு ஒரு போஸ்டர்.” நானே ஒப்புக்கொள்கிறேன். இது தொண்டு. தொண்டு பெரிசுதான். ஆனால் தொண்டு செய்கிறவரை யாரும் ஏசமாட்டார்கள். மாலை போடுவார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். அதனால் என் வழக்குக்கு இது மட்டும் போதாது. அடுத்தவன் வீட்டு வாசலைக் கூட்டுகிறவரை ஊர் பாராட்டும். சொந்த வீட்டு மூலையில் கிடக்கிற குப்பையைச் சுட்டிக்காட்டுகிறவரைத்தான் வீடே சேர்ந்து திட்டும். நான் சொல்லவந்தது அந்தத் திட்டு வாங்கிய ரேவதியைப் பற்றி.

அதற்கு நடுவில் இயக்குநராகவும் ஆனார். 2002-ல் ‘மித்ர், மை ஃப்ரெண்ட்’. கேமராவுக்குப் பின்னாலும் பெரும்பாலும் பெண்களையே வைத்து எடுத்த ஆங்கிலப் படம், தேசிய விருது வாங்கியது. ஷோபனாவுக்கும் அதில் சிறந்த நடிகை விருது. 2004-ல் ‘ஃபிர் மிலேங்கே’ என்று ஓர் இந்திப் படம். எச்.ஐ.வி. தொற்று வந்த ஒரு பெண்ணை வேலையை விட்டு நீக்குகிறார்கள், அவள் நீதிமன்றம் போகிறாள். நாமக்கல்லில் இதை நான் விளக்கவேண்டியதில்லை. இந்தியாவில் அந்தக் கிருமியை முதன்முதலில் 1986-ல் நம் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் குழு கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு நெடுஞ்சாலை ஓட்டுநர்கள் எத்தனை பழிச்சொல் கேட்டார்கள்! இந்த வட்டாரத்து லாரிக் குடும்பங்கள் நோயை விட அந்தப் பேச்சுக்குத்தான் அதிகம் பயந்தன. பெண் கொடுக்க யோசித்தார்கள். அந்தச் சமயத்தில், ‘நோயாளிக்கும் வேலை உரிமை உண்டு’ என்று ஒருவர் வியாபாரப் படமாகவே எடுத்துச் சொன்னார். சரி, அதுவும் படம்தான். எதிரணி கணக்கிலேயே எழுதிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. (சிரிப்பு)

இப்போது கேரளத்துக்குப் போகிறோம். ‘நாமக்கல் கூட்டத்துக்குக் கேரளம் எதற்கு?’ என்று நினைக்காதீர்கள். மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’, 1938-ல் எங்கே தயாரானது தெரியுமா? சேலத்தில்! ஏற்காடு அடிவாரத்தில், மாடர்ன் தியேட்டர்ஸில்! தயாரித்தவர் டி.ஆர். சுந்தரம். ‘டி’ என்றால் திருச்செங்கோடு! (பலத்த கைதட்டல்) 1961-ல் மலையாளத்தின் முதல் வண்ணப்படம் ‘கண்டம் பெச்ச கோட்டு’, அதுவும் அவர் கம்பெனிதான். மலையாள சினிமா பேசக் கற்றுக்கொண்டது நம்ம ஊரில். அதனால் அந்த வீட்டில் ஒரு பிரச்சினை என்றால் விசாரிக்க நமக்கு உரிமை உண்டு. தாய்மாமன் முறை! (சிரிப்பு)

2017 பிப்ரவரி 17. கொச்சியில் ஒரு நடிகை படப்பிடிப்பு சம்பந்தமாகக் காரில் வருகிறார். வழியில் ஒரு கும்பல் காருக்குள் புகுந்து, ஓடுகிற காரிலேயே அவருக்குக் கொடுமை செய்கிறது. வெளியே சொன்னால் தொழில் போகும், மானம் போகும் என்று மிரட்டத்தான் அதைப் படமும் எடுத்தார்கள். அந்தப் பெண் நேராகப் போய்ப் புகார் கொடுத்தார். இந்த மேடையில் நான் யாரைப் புகழ்ந்தாலும் அந்தப் பெண்ணுக்கு அடுத்தபடியாகத்தான் புகழவேண்டும். (கைதட்டல்)

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மலையாளத் திரைப்பெண்கள் ஒன்று கூடினார்கள். நடிகைகள் மட்டுமில்லை, படத்தொகுப்பாளர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், பாடகி எல்லாம். ‘விமன் இன் சினிமா கலெக்டிவ்’ என்று பெயர் வைத்தார்கள். மே மாதம் முதலமைச்சர் பினராயி விஜயனைப் பார்த்து, “எங்கள் தொழிலில் பெண்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று ஆராயுங்கள்” என்று கேட்டார்கள். அதன் பேரில்தான் ஓய்வுபெற்ற நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைந்தது. நம்ம பழைய நடிகை ஊர்வசி சாரதாவும் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர். அந்தப் பெண்கள் கூட்டமைப்பில் வந்து நின்றார் ரேவதி.

மற்றவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். இவர் அப்போதே முப்பத்து நான்கு ஆண்டு அனுபவம் உள்ளவர். பேசாமல் இருந்திருந்தால் என்ன? ‘சீனியர்’ என்று நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பார்கள். தேசிய விருது இருக்கிறது, மரியாதை இருக்கிறது. எந்த நடிகரை எதிர்க்க வேண்டுமோ அவரோடெல்லாம் ஜோடியாக நடித்தவர். ‘கிலுக்கம்’, ‘தேவாசுரம்’ எல்லாம் யாரோடு? மோகன்லாலோடு. கேரளம் போய்க் ‘கிலுக்கம்’ என்று சொல்லிப் பாருங்கள், இன்றைக்கும் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

மலையாள நடிகர் சங்கத்துக்கு ‘அம்மா’ என்று பெயர். 2018 ஜூனில் மோகன்லால் தலைவரானார். அந்த வழக்கில் குற்றம்சாட்டப்பட்டு விலக்கி வைக்கப்பட்டிருந்த நடிகரை மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்று சங்கம் முடிவெடுத்தது. பாதிக்கப்பட்ட நடிகை உட்பட நான்கு பேர் சங்கத்தை விட்டு விலகினார்கள். ரேவதியும் பார்வதியும் பத்மப்ரியாவும் விலகவில்லை. உள்ளே இருந்துகொண்டே கடிதம் எழுதினார்கள். “கூட்டத்தைக் கூட்டு. இந்த முடிவு சரியா என்று விவாதிப்போம்” என்றார்கள். விலகுவது ஒரு வீரம். வெளியே போகாமல் உட்கார்ந்து கேள்வி கேட்பது இன்னொரு வீரம். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த பெண்களுக்கு இரண்டாவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். (சிரிப்பு, கைதட்டல்)

மாதங்கள் ஓடின, பதில் இல்லை. அக்டோபர் 13-ஆம் தேதி கொச்சியில் பத்திரிகையாளர்களை அழைத்தார்கள். அங்கே ரேவதி சொன்ன ஒரு குறை என் மனசில் தைத்தது. சங்கத் தலைவர் இவர்களைப் பற்றிப் பேசும்போது ‘மூன்று நடிகைகள்’ என்று மட்டும் சொன்னாராம். பெயர் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அதே தொழிலில் இருந்தவரை, கூட நடித்தவரை, பெயர் சொல்லிக் குறிப்பிட வாய் வரவில்லை என்று வருந்தினார்.

நடுவர் ஐயா, இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கவேண்டும். கைதட்டும்போது ரேவதி, கேள்வி கேட்டால் ‘அந்த நடிகை’. நம்ம வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? பெண்ணுக்குப் பரிசு வந்தால், “என் பொண்ணுங்க” என்போம். அவளே ஏதாவது எதிர்த்துக் கேட்டுவிட்டால் வீட்டுக்காரரிடம், “உங்க பொண்ணைக் கொஞ்சம் கண்டிச்சு வையுங்க” என்போம். (சிரிப்பு) பெயர் போய்விடுகிறது பாருங்கள், கேள்வி கேட்ட அந்த நொடியில்!

இன்னொரு வேடிக்கை. அதே 2018-ல் நம்ம வீடுகளில் ராத்திரி என்ன ஓடிக்கொண்டிருந்தது? சன் டி.வி.யில் ‘அழகு’ தொடர். 2017 முதல் 2020 வரை வந்தது. ரேவதிதான் அழகம்மை. பொறுமையான தாய். என் வீட்டுக்காரர் அந்தத் தொடரை ஒருநாள்கூட விட்டதில்லை. “அம்மான்னா இப்படி இருக்கணும்” என்று என்னைப் பார்த்துச் சொல்வார். (சிரிப்பு) அந்தப் பொறுமையான அம்மாதான் பகலில் கொச்சியில் ‘அம்மா’வையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பார்த்த ரேவதி வேறு, அவருக்குத் தெரியாத ரேவதி வேறு. தொடர் முடிந்துவிட்டது. அந்த வேலை முடியவில்லை.

எதிரணியின் பலமான வாதம் எது என்று எனக்குத் தெரியும். “அம்மா, ரேவதி நடிகையாக இல்லாவிட்டால் பத்திரிகைக்காரர்கள் வந்திருப்பார்களா? முதலமைச்சர் பார்த்திருப்பாரா? நடிப்புக் கொடுத்த புகழில்தானே சமூகப்பணி நடக்கிறது? ஆகவே கலைப்பணியே!” இதைத்தானே கடைசிப் பேச்சாளர் சொல்ல வைத்திருக்கிறார்? பாருங்க, குறிப்பை மடித்துப் பைக்குள் வைக்கிறார்! (பலத்த சிரிப்பு)

புகழ் என்பது சேமிப்புக் கணக்கு. சம்பாதித்தது நடிப்பில்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாராட்டு சம்பாதித்தவனுக்கா, நல்லதுக்குச் செலவழித்தவனுக்கா? ரேவதியை விடப் பத்து மடங்கு புகழ் சேர்த்து வைத்த நடிகர்கள் இருந்தார்கள். அவர்கள் கணக்கில் ஒரு காசு இதற்காக வெளியே வரவில்லை. பாஸ்புக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். புகழ்தான் காரணம் என்றால் எல்லோரும் பேசியிருக்க வேண்டுமே? புகழோடு இன்னொன்று வேண்டியிருக்கிறது. அதைத்தான் நான் சமூகப்பணி என்கிறேன்.

செலவு இல்லாமலா போனது? பேசிய பெண்களுக்குப் பட வாய்ப்புகள் குறைந்தன என்று அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். ரேவதி தாக்குப்பிடித்தார், ‘பூதகாலம்’ படத்துக்காக 2022-ல் கேரள அரசின் சிறந்த நடிகை விருதும் அவருக்கு வந்தது. ஆனால் நேற்று வந்த இருபது வயதுப் பெண் தாக்குப்பிடிப்பாளா? அதனால்தான் தாங்கக்கூடியவர் முன்னால் போய் நிற்கவேண்டியிருக்கிறது.

“சரி, நின்றார்கள். என்ன கிடைத்தது?” என்று கேட்பீர்கள். இங்கே நான் பட்டிமன்றத்துக்காக மிகைப்படுத்தமாட்டேன். ஹேமா குழு 2019 டிசம்பர் 31-ல் அறிக்கை கொடுத்தது. அரசாங்கம் அதை வாங்கி அலமாரியில் வைத்தது. நான்கரை வருஷம்! தகவல் ஆணையம் சொன்ன பிறகு 2024 ஆகஸ்ட் 19-ல் 233 பக்கம் வெளியே வந்தது, அதுவும் பல பகுதிகளை நீக்கிவிட்டு. அந்த அறிக்கையில் பெரிய பெரிய அக்கிரமங்கள் இருந்தன என்று செய்திகள் எல்லாம் அதையே பேசின. எனக்கு உறைத்தது ஒரு சின்ன விஷயம். படப்பிடிப்பில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. உடை மாற்ற இடம் இல்லை. அதனால் துணை நடிகைகள் தண்ணீர் குடிக்காமலே நாள் முழுக்க நிற்கிறார்கள், அதில் நோய் வருகிறது. இதைப் படித்ததும் எனக்கு சினிமா மறந்துபோய்விட்டது. பேருந்து நிலையத்தில் பூ விற்கிற அக்காவும், ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்கிற பொண்ணும், சாலை போடுகிற அம்மாவும் இதைத்தானே செய்கிறார்கள்? வெளிச்சத்தில் நிற்கிறவளுக்கும் வெயிலில் நிற்கிறவளுக்கும் தாகம் ஒன்றுதான்.

அறிக்கை வந்த சில நாளில் ‘அம்மா’ நிர்வாகக் குழு மொத்தமாக ராஜினாமா செய்தது. 2025 ஆகஸ்டில் தேர்தல் நடந்து ஸ்வேதா மேனன் தலைவரானார். 1994-ல் தொடங்கிய சங்கம். ‘அம்மா’ என்று பெயர் வைத்த சங்கத்துக்கு ஓர் அம்மா தலைவராக வருவதற்கு 31 வருஷம் ஆகியிருக்கிறது! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். அறிக்கையின் பேரில் போட்ட வழக்குகள், சாட்சி சொல்லப் பெண்கள் முன்வராததால் 2025-ல் கைவிடப்பட்டன. கொச்சி வழக்கில் 2025 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆறு பேருக்குத் தண்டனை, அந்த நடிகர் விடுவிக்கப்பட்டார். “அப்படியானால் தோற்றுவிட்டார்களே!” என்று எதிரணி துள்ளவேண்டாம். நீதிமன்றத்தின் வேலையை நான் மேடையில் செய்யமாட்டேன். ஆனால் இந்தப் பெண்கள் கேட்டது ஒருவருடைய தண்டனையை மட்டும் இல்லை. போய்ச் சொல்ல ஓர் இடம் கேட்டார்கள். 2018-ல் உயர் நீதிமன்றம் போனார்கள். 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது: ஒவ்வொரு படத் தயாரிப்பு நிறுவனமும் ஒரு வேலைத்தலம், அங்கே புகார்க்குழு இருக்கவேண்டும். சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. அது சினிமாவுக்கும் பொருந்தும் என்று சொல்லவைக்க இன்னும் ஒன்பது வருஷம் ஆனது. சொல்லவைத்தவர்கள் அந்த ‘நடிகைகள்’.

இது சினிமா சமாச்சாரம், நமக்கென்ன என்று யாரும் எழுந்து போகவேண்டாம். இந்த இரண்டு மாவட்டத்தில் எத்தனை நூற்பாலை! பள்ளிப்பாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி. சேலத்துப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள். கோழிப்பண்ணைகள். எங்கும் பெண்கள். நான் பெண்களுக்குப் பாடம் சொல்கிறவள் என்பதால் மகளிர் தினம் வந்தால் ஆலைகளில் பேசக் கூப்பிடுவார்கள். ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், புகார்க்குழு உறுப்பினர்கள் பட்டியலைப் பலகையில் அழகாக எழுதி மாட்டியிருந்தார்கள். சந்தோஷப்பட்டேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் தொலைபேசி எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது! (சிரிப்பு) காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன், அங்கே நம்பரே எழுதவில்லை. கூட வந்த பொண்ணிடம், “இந்தக் குழுவுக்குத் தலைவி யாரம்மா?” என்று கேட்டேன். “தெரியாதுங்க மேடம். அந்தப் பக்கம் நாங்க போறதில்லீங்க, அது ஆபீஸ் ரூமுங்க” என்றது.

அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன், நேரம் ஆனாலும் நடுவர் மன்னிக்கவேண்டும். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடமானாலும் உள்ளுக்குள் ஒரு புகார்க்குழு அமைக்கவேண்டும். அதற்குத் தலைவி ஒரு பெண்ணாகத்தான் இருக்கவேண்டும். அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பத்து பேருக்குக் குறைவான சின்னத் தறிக்கூடமா? புகாரே முதலாளி மேலேதானா? வீட்டு வேலை செய்கிற அம்மாவா? அவர்களுக்கு மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கவேண்டும் என்கிறது சட்டம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதத் தெரியாவிட்டால் எழுதிக்கொடுக்க உதவவேண்டியது அந்தக் குழுவின் கடமை. வீட்டில் இருக்கிற பொண்ணுங்களுக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள். டிபன் பாக்ஸோடு சேர்த்து இதையும் கொடுத்து அனுப்புங்கள். (கைதட்டல்)

‘மகளிர் மட்டும்’ படத்துக்குத் திரும்ப வருவதாகச் சொன்னேன். அதில் துடைப்பம் பிடித்த பெண்ணாக வந்த ரோகிணி இப்போது எங்கே இருக்கிறார்? நம்ம தென்னிந்திய நடிகர் சங்கத்தின் புகார்க்குழுவுக்குத் தலைவி. 2024 செப்டம்பரில், குற்றம் உறுதியானால் ஐந்து வருஷம் நடிக்கத் தடை என்று தீர்மானம் போட்டார்கள். 1994-ல் மூன்று பெண்கள் வேஷம் போட்டு விளையாட்டாகச் செய்தார்கள். முப்பது வருஷம் கழித்து அவர்களில் இரண்டு பேர், வேஷம் இல்லாமல், நிஜப் பெயரில் அதே வேலையைச் செய்கிறார்கள். எதிரணி நண்பரே, இதில் எந்தப் பாத்திரம் பெரிசு? முத்துப்பேச்சியா? பஞ்சவர்ணமா? எந்தப் பாத்திரமும் இல்லாத அந்த அம்மாவா?

(மணியோசை)

மணி அடித்துவிட்டார்கள். லாரி பாக்கி இருக்கிறது ஐயா, ஒரே நிமிஷம்!

மலையாளத்தின் முதல் மௌனப்படம் ‘விகதகுமாரன்’. 1928 என்றும் 1930 என்றும் சொல்வார்கள். எடுத்தவர் ஜே.சி. டேனியல், அகஸ்தீஸ்வரத்துக்காரர். அதில் கதாநாயகி பி.கே. ரோசி. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஏழைப் பெண். படத்தில் உயர்சாதிப் பெண்ணாக நடித்தாள் என்று திருவனந்தபுரத்தில் திரையரங்கில் கல்லெறிந்தார்கள், அவளை ஊரை விட்டே துரத்தினார்கள். அன்றைக்கு ராத்திரி அந்தப் பெண்ணுக்கு அடைக்கலம் கொடுத்தது எது தெரியுமா? வழிவழியாகச் சொல்கிறார்கள், தமிழ்நாட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்த ஒரு லாரி! (நீண்ட கைதட்டல்) நாகர்கோவிலில் வந்து ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார். மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி, தன் பெயரைக்கூட வெளியே சொல்லாமல் நம்ம மாநிலத்தில் குடும்பம் நடத்தி மறைந்தார்.

ரேவதியும் அவர் தோழிகளும் சேர்ந்த அந்தக் கூட்டமைப்பு, 2019-ல் ஒரு திரைப்படக் கழகம் தொடங்கியது. அதற்கு மோகன்லால் பெயர் வைக்கவில்லை, மம்மூட்டி பெயர் வைக்கவில்லை, ரேவதியின் பெயரையும் வைக்கவில்லை. பி.கே. ரோசி திரைப்படக் கழகம் என்று வைத்தார்கள்.

தீர்ப்பை உங்களிடம் விட்டுவிடுகிறேன், நடுவர் ஐயா.

(கைதட்டல்)